நண்டும் நடைப்பயிற்சியாளரும்
சென்னை அடையாற்றின் உப்பங்கழியை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் தாழ்நிலத்தை, மீட்டு 58 ஏக்கரில் 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவில் இருவகை உயிரினங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஓதம் வற்றியதும் வளையைவிட்டு வெளிவரும் நண்டு, சேற்றைக் கிள்ளி உண்டு, காலடி அதிர்ந்தால் உள்ளே மறைகிறது. நடைப்பயிற்சியாளரோ, மணிக்கட்டுக் கடிகாரம் பத்தாயிரம் அடிகளை எண்ணி முடிக்கும்வரை, நண்டையோ நாரையையோ ஏறிட்டும் பாராமல், அடுக்குமாடி விலை நிலவரத்தைக் கைபேசியில் உரக்க அலசியபடி கடக்கிறார். சேற்றைத் தூர்த்துச் சிமெண்டுத் தளம் போட்டால் மிதிவண்டியும் ஓட்டலாமே என்ற யோசனை அவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை (அவர் விலை பேசும் மனையும் முன்பு சேறாகவே இருந்திருக்கக்கூடும்). ஆனால் ஈரநிலப் பாதை என்பது தூண்கால்கள்மேல் உயர்ந்து நின்று நீருக்கு வழிவிட வேண்டியது. வழிவிடாவிட்டால் என்னாகும் என்பதை, 2015 டிசம்பரில் அடையாறு வெள்ளமாய் வீட்டுக்கூடம்வரை வந்து விளக்கிவிட்டுப் போயிற்று.