மாப்ளே, சார் ஆனால்…

கேள்வி: ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பத்து வருஷம் நூல் ஒட்டும் சைடராக இருந்தேன். போன மாசம் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். நேற்றுவரை ‘மாப்ளே’ என்று தோளில் கை போட்டவன் இன்று ‘சார்’ என்கிறான், அதுவும் நக்கலாக! என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: உங்கள் ஊரிலேயே சீனியர் ஒருவர் இருக்கிறாரே! பொதுவாகப் பெருமாள் கோயில்களில் கருடன் சந்நிதிக்கு எதிரே நிற்பார். ஆண்டாள் கோயிலிலோ ரங்கமன்னார் பக்கத்திலேயே இடம். மாப்பிள்ளை ரங்கமன்னாரை ஆண்டாள் கல்யாணத்துக்கு வேகமாகக் கொண்டுவந்து சேர்த்ததற்குக் கிடைத்த பிரமோஷன் என்பது ஐதீகம். அதற்காகப் பெருமாளைச் சுமக்கும் பழைய வேலை போய்விட்டதா? ஆடிப்பூரத் திருவிழாவில் ஐந்து கருட சேவை! ஓவர்டைம் வேறு.

நீங்களும் ரிங் ஃபிரேம் பக்கம் நடக்கும்போது நூல் அறுந்து கிடந்தால் ஆளைக் கூப்பிடாமல் நீங்களே ஒட்டிவிட்டு நகருங்கள். விரல் மறக்கவில்லை என்று தெரிந்தாலே பாதி நக்கல் அடங்கும். மீதிப் பாதிக்கு ஆடித் தேர் வரட்டும். அன்றைக்கு எல்லோருக்கும் லீவு வேண்டும். மாப்ளேவுக்கு முதலில் வேண்டும். போன வருஷம் வாங்கியவருக்கு இந்த வருஷம் இல்லை என்று எழுதி ஒட்டுங்கள். பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

அதிருக்கட்டும், பிரமோஷனுக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தீர்களா? ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு அதைக்கூடச் செய்யவில்லை என்றால், மாப்ளே ‘சார்’ என்பதோடு விட்டதே பெரிது!