அடுக்கல் நிபுணர்

பிரிட்டனில் காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்புவோரில் அடுக்கல் நிபுணர் தனி இனம். இரண்டு படுக்கை போட்டால் நடக்க இடமில்லாத வண்டி. அதில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தாலும் இவருக்குத் தூக்கம் வராது.

மடக்கும் சிலிக்கான் கிண்ணம், கத்திகளைப் பிடித்துவைக்கும் காந்தப் பட்டை, கதவில் தொங்கும் செருப்புப் பை ஆகியவை எல்லாக் கேரவன்களிலும் உண்டு. நிபுணரின் செருப்புப் பையில் மட்டும் மிளகுத்தூள் இருக்கும்.

இவருக்கே உரிய கலை, ஒன்றுக்குள் ஒன்றை நுழைப்பது. வாளிக்குள் பெரிய பாத்திரம், அதற்குள் நடுப் பாத்திரம், அதற்குள் கெட்டில், கெட்டிலுக்குள் சுருட்டிய காலுறை, காலுறைக்குள் முட்டைக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஃபியூஸ். காலுறை துவைத்ததுதான் என்பது இவர் தரப்பு.

இந்தக் கலையின் பலன் கார்ன்வாலில் மழை பிடித்துக்கொள்ளும் மாலையில் தெரியும். மனைவி தேநீர் போடலாம் என்று எழுந்து, தேயிலை எங்கே என்று கேட்பார். “நல்ல இடத்தில்தான் இருக்கிறது” என்பார் நிபுணர். சட்டைப் பையிலிருந்து நோட்டு வெளியே வரும். இடப்பக்க இருக்கை, அடிப்பெட்டி, வாளி, இரண்டாம் பாத்திரம். அந்த இருக்கைதான் இரவில் படுக்கை. அதன்மேல் குழந்தை தூங்குகிறது. குழந்தையைத் தூக்கி, மெத்தையை நிமிர்த்தி, பலகையைத் திறந்து, மடக்கு நாற்காலிகளை மழையில் வைத்து, வாளியை உருவி எடுப்பதற்குள் தேநீர் ஆசை போய்விடும். நிபுணருக்கோ, எழுதிய இடத்தில் எழுதிய பொருள் இருந்ததில் பரம திருப்தி.

இடத்தை மிச்சம் பிடித்தால் எடை மிச்சமாகாது. கேரவனுக்கு அனுமதித்த மொத்த எடையில் வெற்று வண்டியின் எடையைக் கழித்தால், சிறிய வண்டிகளில் சாமான்களுக்குப் பெரும்பாலும் 100 முதல் 150 கிலோதான் மிஞ்சும். பேட்டரியும் கூடாரத் தாழ்வாரமுமே அதில் 40 கிலோவைத் தின்றுவிடக்கூடும். கனமானவை தரையோடு, அச்சுக்கு அருகில். மேல் அலமாரியில் துணிமணி மட்டும். காரின் இழுவைக் கொக்கியின் மேல் இறங்கும் பாரம் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம். இதெல்லாம் நிபுணருக்கு மனப்பாடம். அடுத்த வண்டிக்காரருக்கு வகுப்பே எடுப்பார். ஆனால் தன் வண்டியின் பின்சுவரோரம் 24 பீன்ஸ் டின்கள் கச்சிதமாக உட்காரும் ஓர் இடுக்கைக் கண்டுவிட்டால் விதிகள் மறந்துபோகும். கேரவன் இழுக்கும் காருக்கு மோட்டார்வேயில் உச்ச வேகம் மணிக்கு 60 மைல். பத்து கிலோவுக்கு மேல் பீன்ஸ் வால்பக்கம் இருந்தால், அதற்கு முன்பே வண்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிடலாம்.

இந்த வம்சம் பழையது. 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் ‘வாண்டரர்’ என்ற வண்டியைக் கட்டுவித்து ஊர் சுற்றினார். எடை ஏறத்தாழ 2 டன். அன்று மூச்சு வாங்கியது குதிரைகளுக்கு, இன்று கிளட்சுக்கு.

நிபுணரால் ஊருக்கு நன்மை இல்லாமல் இல்லை. முகாமில் யார் வண்டியில் விளக்கு அணைந்தாலும் இவர் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஃபியூஸ் நிச்சயம் உண்டு. கேட்டவர் சற்று உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எடுத்துக் கொடுக்கும்போது நிபுணர் முகத்தில் தெரியும் சந்தோஷத்துக்காகவே காத்திருக்கலாம்.

வீட்டாருக்குத்தான் இந்தச் சலுகை இல்லை. வண்டியில் உயரமான அலமாரி ஒன்றே ஒன்று. அதில் பின்னால் உதவும் என்று வாங்கிய காலி டப்பாக்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. மனைவியின் கோட்டை மாட்ட ஓர் ஆணிகூடக் கிடையாது. அது விடுமுறை முழுவதும் காரின் பின்சீட்டில் ஈரத்தோடு கிடக்கிறது. இதைப் பலமுறை சொல்லியாயிற்று.