பாயைச் சுருட்டிய கதை

ஒரு கணினி விளையாட்டு பிறக்கும் முன்பே அதைத் தள்ளிப்போடும் சாக்கு பிறந்துவிட்டது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவர் ‘ஸ்பேஸ்வார்’ எழுதப்போகிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால், சைன்-கொசைன் கணக்குப் போடும் நிரல் இல்லையாம், விண்கப்பலை எப்படித் திருப்புவதாம். ஆலன் கோடோக் என்ற கூட்டாளி, பி.டி.பி-1 கணினியைச் செய்த டெக் கம்பெனிக்கே நேரில் போய் அந்த நிரலை வாங்கிவந்து முன்னால் வைத்தார். சாக்கு தீர்ந்தது; 1962-ல் விளையாட்டு வந்தது. ரஸ்ஸலுக்குக் கூட்டாளிகள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘ஸ்லக்’, அதாவது ஓடில்லாத நத்தை. அப்படியொரு கோடோக் பிறகு பலருக்கு வாய்க்கவில்லை.

ஸ்பேஸ்வார் எழுதப்பட்டது, கணினியின் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதும் அசெம்பிளியில். ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸ் கூட்டம் 1957-லேயே அந்த வேலையை மெஷினே செய்துகொள்ளும் ஃபோர்ட்ரான் கம்பைலரைக் கையில் கொடுத்திருந்தது. ‘மெஷின் எழுதுகிற கோடு நம்ம கை எழுதுகிற கோடுக்கு ஈடாகுமா’ என்று பெரிய தலைகள் அப்போதே மூக்கைச் சுளித்தன. விளையாட்டு எழுதுகிறவர்கள் இன்னும் வீம்பு பிடித்தவர்கள். 1993-ல் ஜான் கார்மாக்கும் கூட்டாளிகளும் ‘டூம்’ விளையாட்டைப் பெரும்பாலும் சி மொழியில் எழுதினார்கள். அப்போது சி-க்கு 21 வயது. அவரே சி++ பக்கம் வந்தது 2004-ல், ‘டூம் 3’-க்கு; 1985-ல் சந்தைக்கு வந்த மொழிக்கு அதற்குள் 19 வயதாகியிருந்தது. கார்மாக் வீட்டு ஜாதகப்படி பார்த்தால், 2015-ல் 1.0 கண்ட ரஸ்ட் மொழிக்கு 2035 வாக்கில் கல்யாணம் கூடிவரும். நடுவில் 1999-ல் கிறிஸ் சாயர் ‘ரோலர்கோஸ்டர் டைகூன்’ விளையாட்டைக் கிட்டத்தட்ட முழுக்க அசெம்பிளியிலேயே எழுதி முடித்து, லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் போய்ப் புது மொழி பேசவில்லை போல.

ரஸ்ட் பிறந்த கதை இன்னும் தமாஷ். 2006-ல் கனடாவின் வான்கூவரில் கிரேடன் ஹோர் வீடு திரும்புகிறார். வீடு 21-வது மாடி. லிஃப்டின் மென்பொருள் கிராஷ் ஆகிக் கிடக்கிறது. படியேறிக்கொண்டே மனுஷன் கடுப்பாகி, நினைவகத்தில் குளறுபடி செய்யவே முடியாத ஒரு மொழியைச் செய்யப் புறப்பட்டார். எங்கள் பாய் நெய்யும் ஊரான பத்தமடையில் குடியிருந்திருந்தால் ஒரு மாடி ஏறி, மூச்சு வாங்காமல் காப்பி குடித்துவிட்டுப் படுத்திருப்பார். உலகம் இன்னும் சி++-லேயே நிம்மதியாக விழுந்து எழுந்துகொண்டிருக்கும்.

ரஸ்ட்டின் சட்டத்தை எங்கள் ஊர்க்காரனுக்கு விளங்கவைக்க ஒரு பாய் போதும். தாமிரபரணிக் கரைக் கோரையை ஆற்றில் ஊறப்போட்டு, கத்தியால் முடி முடியாகக் கீறி நெய்த கல்யாணப் பாயை விரித்தாயிற்று. பத்துப் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், தடையில்லை. ஒருவன் அதைச் சுருட்டவேண்டுமென்றால் மற்ற ஒன்பது பேரும் எழுந்திருக்கவேண்டும். எழுந்தார்களா என்று ‘பாரோ செக்கர்’ என்ற பெரியவர் நிரல் ஓடும் முன்பே வாசலில் நின்று சோதிப்பார். சி++-ல் அப்படி யாரும் கிடையாது. ஆள் உட்கார்ந்திருக்கும்போதே சுருட்டலாம். உள்ளே ஆள் இருந்தது அப்புறம் தெரியும்.

நல்ல சட்டம்தான், பந்திக்குப் பொருந்தும். விளையாட்டில் நடப்பதோ அடிதடி. கதாநாயகன் வில்லனை அடிக்க, வில்லன் செத்து காசு சிதற, காசு நாயகன் பைக்குள் ஏற, எல்லாம் 16 மில்லிசெகண்டுக்குள் முடியவேண்டும். நொடிக்கு 60 தடவை. ஒவ்வொருவனும் அடுத்தவன் பாயைச் சுருட்டுகிற நேரத்தில் பெரியவர் குறுக்கே வந்து ‘எல்லோரும் எழுந்திரு’ என்றால் சண்டை எங்கே நடக்கும்? அதற்கு மாற்றாக, ஆட்களை நேரே பிடிக்காமல் பட்டியலில் வரிசை எண் கொடுத்துக் கூப்பிடும் முறையை ரஸ்ட்காரர்கள் கையாண்டார்கள். 2020-ல் ரஸ்ட்டில் வந்த ‘பெவி’ என்ற விளையாட்டு இன்ஜின் அந்த வழிதான். வழி சரி. ஆனால் இன்ஜின் எழுத ஆள் வரிசையில் நிற்கிறது, விளையாட்டு எழுதத்தான் ஆளில்லை.

‘பிரெய்டு’ விளையாட்டுப் புகழ் ஜோனதன் புளோ, சி++-ம் வேண்டாம், ரஸ்ட்டும் வேண்டாம், விளையாட்டுக்கென்றே ஒரு மொழி நான் செய்கிறேன் என்று 2014-ல் மார்தட்டினார். 2016-ல் அவருடைய ‘தி விட்னஸ்’ வந்தது. எழுதியது எதில்? சி++-ல். புது மொழியோ பத்து வருஷம் கழித்தும் அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும்.

இதற்கிடையில் டொராண்டோவில் ‘விசை கேம்ஸ்’ என்ற சின்னக் குழு, மொழி ஆராய்ச்சி எதிலும் இறங்காமல் யூனிட்டி என்ற ஆயத்த இன்ஜினை எடுத்துக்கொண்டு ‘வெண்பா’ விளையாட்டைச் செய்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. கறைபடிந்து எழுத்தழிந்த அம்மாவின் சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி அவிக்கவேண்டும். 2023 ஜூலையில் வந்தது. மறுவருஷம் பாஃப்டா பரிசு வாங்கியது. வெண்பா வந்த இரண்டே மாதத்தில் யூனிட்டி கம்பெனி ‘ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம்’ என்று குண்டைப் போட்டதும், உலகமெங்கும் இளவட்டங்கள் மூட்டை கட்டிப் புது இன்ஜின், புது மொழி தேடிக் கிளம்பின. கட்டணம் 2024-ல் ரத்தானது. கிளம்பியவர்களில் ஒருவன் எங்கள் வீட்டில் இருக்கிறான்.

“ஏலே மருமவனே, ஆத்துல தோணி ஓட்டுத கேமுன்னு சொன்னியே, என்ன ஆச்சு?”

“ரஸ்ட்ல இன்ஜின் முக்காவாசி முடிஞ்சிட்டு மாமா.”

“தோணி?”

“தோணி இன்னும் வரலை. தண்ணி மட்டும் ஓடுது.”

“அப்போ அடுத்து தோணிதானல?”

“இல்ல மாமா. ஜிக்னு ஒரு மொழி வந்திருக்கு, இன்னும் 1.0 கூட ஆகலை, அவ்வளவு புதுசு. தண்ணிய முதல்ல அதுல மாத்தி எழுதிட்டு இருக்கேன்.”