அம்பலாயாச் சாலட்: மூலபாடமும் இடைச்செருகல்களும்

பாகற்காயைப் பச்சையாக அரிந்து, உப்பில் பிசறி, வினிகரில் ஊறவைத்துச் சாப்பிடுவது பிலிப்பைன்ஸ் வீடுகளில் சர்வசாதாரணம். பாகற்காய்க்கு அங்கே அம்பலாயா என்று பெயர். அடுப்புகூடப் பற்றவைக்க வேண்டாத இந்தப் பண்டத்துக்குச் செம்பதிப்பு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வீட்டுக்கு வீடு பாடபேதம் உள்ள எதற்கும் செம்பதிப்பு தேவை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

மூலபாடத்தில் உள்ளவை ஐந்தே: பாகற்காய், உப்பு, வினிகர், வெங்காயம், மிளகு. காயை நீளவாக்கில் பிளந்து, விதையையும் வெள்ளைப் பஞ்சையும் கரண்டியால் வழித்தெடுத்து, பிறை பிறையாக மெல்லிசாக அரிய வேண்டும். 2 காய்க்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு. பிசறி 20 நிமிடம் விட்டால் கிண்ணத்தின் அடியில் பச்சைநிற நீர் கோத்து நிற்கும். பிழிந்து, அலசி, மறுபடி பிழிய வேண்டும். அதன்பின் வினிகரும் அரிந்த சின்ன வெங்காயமும் மிளகுத்தூளும்.

பிழிவதா வேண்டாமா என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. பிழிவோர் பெரும்பான்மையினர். இரண்டாமவர் வெந்நீர்க் கட்சியினர். ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போடுவார்கள். நிறம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பல்லுக்குக் கிடைக்கவேண்டிய நறுக்கென்ற சத்தம் போய்விடுகிறது, ஆகவே நிராகரிக்கிறோம். மூன்றாமவர் எதுவுமே செய்யாதவர். வடக்கே இலோகோஸ் பகுதியில் இவர்களைத் தேடலாம். ஆட்டுப் பித்தநீரை ஊற்றி பாபைதான் என்று சூப் காய்ச்சிக் குடிப்பவர்கள் அவ்வூர்க்காரர்கள். பித்தநீரையே ரசித்துக் குடிப்பவரிடம் போய்ப் பாகற்காயைப் பிழியச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

உப்பின் வேலை தண்ணீரை இழுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. உப்பிலுள்ள சோடியம் நாக்கில் கசப்பையே மட்டுப்படுத்தும் என்று பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இருவர் 1997இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது யூரியாவின் கசப்பை. பாகற்காய் இருக்க யூரியாவை நக்கிப் பார்க்கச் சொன்ன முறையியல் குறித்து நமக்கு வருத்தமே. முடிவு மட்டும் ஏற்புடையது.

வினிகரின் தொன்மையில் ஐயமில்லை. பச்சை மீனை வினிகரில் பதப்படுத்தும் கினிலாவ் பற்றி மட்டுமே டோரீன் பெர்னாண்டஸும் எடில்பெர்த்தோ அலெக்ரேயும் 1991இல் ஒரு முழு நூல் எழுதினார்கள். தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த வினிகர், புலாக்கான் மாகாணத்துப் பாவோம்போங்கில் நீப்பாப் பனையிலிருந்து இறக்குவது, இலோகோஸின் பழுப்புநிறக் கரும்பு வினிகர் என்று அங்கே புளிப்புக்கே குலமும் கோத்திரமும் உண்டு. கடையில் விற்கும் நிறமற்ற செயற்கை வினிகர் எந்தச் சுவடியிலும் இல்லை.

இனி இடைச்செருகல்கள். தக்காளி அமெரிக்கக் கண்டத்துக் காய். ஸ்பானியர் ஆட்சியில் வந்து சேர்ந்தது. அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. ஆக, தக்காளி சந்தேகத்துக்கு இடமற்ற செருகல். ஆனால் எடுத்துவிட்டால் சாலட் இளைத்துப்போகிறது. நல்ல பதிப்பாசிரியர் இவ்விடத்தில் கண்டும் காணாமல் போவார். உப்பு வாத்துமுட்டை பிற்சேர்க்கை. களிமண்ணும் உப்பும் குழைத்த சேற்றில் சில வாரம் கிடந்து, சாதா முட்டையோடு கலந்துவிடாதிருக்க ஓட்டுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டு வருவது. மஞ்சள்கரு எண்ணெய் கசிந்து, மணல்மணலாக உதிர்ந்து, கசப்பை அணைத்துக்கொள்ளும் அழகுக்காகவே இதை அனுமதிக்கிறோம். சர்க்கரையோ உரையாசிரியர்களின் கைவரிசை. அரைக் கரண்டி போட்டால் வினிகரின் முனை மழுங்கும். அதற்குமேல் போடுகிறவர் பாகற்காயை நம்பாதவர்.

இஞ்சி சில பிரதிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. இதைத் தீர்க்க ஒரு நாட்டுப்புறக் கதை துணைக்கு வருகிறது. அழகோ சுவையோ இல்லாமலிருந்த அம்பலாயா, பொறாமையில் ஓரிரவு மற்ற காய்களிடம் திருடியதாம். தக்காளியின் வழவழப்பு, இஞ்சியின் காரம், வெங்காயத்தின் மெல்லிய தோல் எல்லாம் போயின. பிடிபட்டதும் கிடைத்த தண்டனை, திருடிய அத்தனையும் அதற்குள்ளேயே கிடக்கட்டும் என்பது. அவை உள்ளே ஒன்றோடொன்று அடித்துக்கொண்டதில் மேனி சுருங்கிக் கசப்பேறியது. இப்போது சாலட் கிண்ணத்தை எட்டிப் பாருங்கள். குற்றவாளி நடுவில், சுற்றிலும் தக்காளி, வெங்காயம், இஞ்சி. பறிகொடுத்தவர்கள் ஒருவர் விடாமல் ஆஜராக வேண்டுமாதலால், இஞ்சி மெல்லிய குச்சிகளாக உள்ளே வருவதே சரியான பாடம் என்க.

எஞ்சியிருப்பது பிழிவின் அளவு. இதை எந்தப் பிரதியும் சொல்வதில்லை. ஆவேசமாகப் பிழிந்து கசப்பை ஒட்ட ஓட்டியவர் கையில் கடைசியில் கிடைப்பது துவண்ட வெள்ளரிக்காய். அதற்கு முதலிலேயே வெள்ளரி வாங்கியிருக்கலாம். இரண்டாம் பிழிவில் ஒரு துண்டை வாயில் போட்டால் முதலில் முகம் சுளிக்க வேண்டும், அடுத்த கணமே கை இன்னொரு துண்டுக்குப் போக வேண்டும். அங்கே நிறுத்துக. பிழிந்த நீரைக் கீழே கொட்டும்போது, சத்தெல்லாம் போகிறதே என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் குரல் கொடுப்பார். அவருக்கே ஒரு தம்ளரில் நீட்டிப் பார்க்கலாம்.

கிண்ணத்தை மூடி அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, பொரித்த மீனோடும் சுடுசோற்றோடும் பரிமாற வேண்டும். அந்த அரை மணிக்குள் பதிப்பாசிரியர் எத்தனை முறை திறந்து ருசி பார்த்தாலும் அது பாட ஒப்பீடு, திருட்டில் சேராது.