யார் சொன்ன கடை?

எத்தனை லிட்டர், ஒரு கதவா இரண்டு கதவா, என்ன நிறம் என்பதெல்லாம் காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. ஃப்ரிட்ஜை எந்தக் கடையில் வாங்குவது என்பதில்தான் பேச்சு நின்றது. எங்கள் குடும்பத்துக்குக் குலதெய்வம் ஒன்றுதான். கடை மட்டும் ஆளுக்கு ஒன்று.

அம்மாவுக்கு விவேக்ஸ். 1965-ல் மயிலாப்பூரில் தொடங்கிய கடை, அம்மா வாழ்க்கைப்பட்டு வந்ததும் மயிலாப்பூர். அவர்களுடைய புத்தாண்டுத் தள்ளுபடிக்காக ஒரு டிசம்பர் 31 இரவு அப்பா மஃப்ளர் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாராம். ஊரே கோயிலுக்குப் போன நேரத்தில் அவர் மிக்ஸிக்குப் போனார். “அந்த மிக்ஸி இன்னும் ஓடுதே!” என்பார் அம்மா. ஓடுவது உண்மைதான். அரைப்பதுதான் இல்லை.

மாமனார் நாகர்கோவில்காரர். அவருக்கு வசந்த் அன் கோ மட்டும்தான் கடை. மற்றவை வெறும் கட்டடங்கள். 1978-ல் அதைத் தொடங்கிய எச். வசந்தகுமார் அகஸ்தீஸ்வரத்துக்காரர், பிற்பாடு கன்னியாகுமரிக்கே எம்.பி. ஆனவர். “நம்ம ஊர்க்காரரு கடை இருக்கும்போ வேற யோசனை எதுக்கு மாப்ள?” என்று போனிலேயே விவாதத்தை முடித்துவைத்தார்.

கோவை அத்தை முடிக்க விடவில்லை. “கிரைண்டருக்கே புவிசார் குறியீடு வாங்குன ஊரு கண்ணு இது. ஃப்ரிட்ஜையும் இங்கயே பாத்து லாரில போட்டு உடறேன்” என்றார். கிரைண்டருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம்தான். அத்தையிடம் யார் கேட்பது?

சித்திக்குத் தி. நகர் மாடிக்கடை. கீழே பாத்திரம், மேலே புடவை, அதற்கும் மேலே ஃப்ரிட்ஜ். சித்தி புடவை மாடியைத் தாண்டி ஏறியதாக வரலாறு இல்லை.

மகள் தலை நிமிராமல், “ஆன்லைன்ல போடுப்பா” என்றாள். அங்கே ஒரு மகராசன் ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்தார்: ‘பெட்டி பத்திரமாக வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.’

சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று கடைகளில் ஏறி இறங்கினேன். ஃப்ரிட்ஜின் நெற்றியில் மத்திய அரசின் நட்சத்திர லேபிள் இருக்கிறது. வருடத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் குடிக்கும் என்பதை அதில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். கடையில் பொய் சொல்லத் தெரியாதது அது ஒன்றுதான். அதனாலேயோ என்னவோ, விற்பனைத் தம்பி சரியாக அதை மறைத்துக்கொண்டு நிற்கிறார். “பட்ஜெட் எவ்ளோ சார்?” என்கிறார். சொன்னால், அதற்கு ஐயாயிரம் மேலே இருக்கும் மாடலின் கதவைத் திறந்து காட்டுகிறார்.

விலையை ஒப்பிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரே ஃப்ரிட்ஜ்தான்; ஆனால் மாடல் எண்ணின் வாலில் இங்கே ஓர் எழுத்து, அங்கே வேறோர் எழுத்து. “அது வேற மாடல் சார்” என்று இரண்டு கடையிலும் சத்தியம் செய்கிறார்கள். வட்டியே இல்லாத தவணை என்று ஒரு பலகை. அப்படி ஒரு சங்கதியே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வங்கிகளுக்குத்தானே சொன்னது, பலகைக்குச் சொல்லவில்லை. வட்டி இல்லை சார், பிராசஸிங் ஃபீஸ் மட்டும்தான். கூடவே ஒரு ஹாட் பாக்ஸ் இலவசம். குளிர வைக்கும் பெட்டி வாங்கினால் சூடாக வைக்கும் பெட்டி ஓசி!

இத்தனை அலைந்தபின் ஓர் உண்மை விளங்கியது. எந்தக் கடையில் வாங்கினாலும் பெட்டி ஒரே கம்பெனியிலிருந்து வருகிறது. வாரண்டி கொடுப்பதும் கம்பெனி. கெட்டுப்போனால் வருவதும் அதே மெக்கானிக். “கேஸ் போயிருச்சு சார்” என்று அவர் சொல்லப்போவதும் அதேதான். பிறகு எதற்காக ஒவ்வொருவரும் தம் கடைக்காக உயிரை விடுகிறார்கள்?

பழைய வாஷிங் மெஷினை நினைத்துப் பார்த்தேன். சித்தப்பா சொன்ன கடையில் வாங்கியது. துணியைச் சுழற்றும்போது அது பாத்ரூமிலிருந்து ஹாலுக்கு நடந்தே வந்துவிடும். கம்பெனி கொடுத்த வாரண்டி இரண்டே வருடத்தில் முடிந்தது. சித்தப்பாவின் வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீடுகளில் அவரைப் பார்த்தால் யாரும் சுகர் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. “நீங்க சொல்லி வாங்கின மெஷின்…” என்றுதான் பேச்சே தொடங்குகிறது.

ஆகவே, கடை என்பது பொருள் வாங்கும் இடமல்ல. பின்னாளில் யாரைத் திட்டுவது என்பதை முன்கூட்டியே பதிவு செய்யும் இடம். ஆன்லைன் எங்கள் வீட்டில் எடுபடாமல் போனதும் இதனால்தான். நான்காயிரம் ரூபாய் குறைவு; ஆனால் திட்டுவதற்கு ஆள் இல்லை. ‘தங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று சொல்லும் இயந்திரத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

இந்தத் தத்துவம் எனக்கு முன்பே மனைவிக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் இரவு சாப்பாட்டின்போது, அம்மாவைக் காட்டி, “அத்தை சொன்ன கடையிலேயே வாங்கிடலாங்க” என்றாள். இருபது வருட இல்லறத்தில் கேட்டிராத வாக்கியம். எனக்குப் புரை ஏறியது. அம்மாவுக்கு ஏறவில்லை. அவரும் ஒரு மாமியாரிடம் குடித்தனம் செய்தவர்தானே? “எனக்கு என்னம்மா தெரியும்? உங்கப்பா சொல்ற கடையிலயே வாங்குங்க” என்றார். போனில் மாமனார், “சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று பின்வாங்கினார். லாரி கிடைக்கவில்லை என்றார் கோவை அத்தை. சித்தி போனை எடுக்கவே இல்லை. கடைசியில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள்: “நீயே பார்த்து ஒண்ணு வாங்கு.”

வாங்கிவிட்டேன். நன்றாகத்தான் குளிர்கிறது. எந்தக் கடை என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் ஐஸ் உறையவில்லை என்றால், நீங்கள் கடைக்காரரையா தேடுவீர்கள்?