மொட்டைமாடி ஆட்சியுரிமை: கத்தரிக்கும் வடகத்துக்கும் இடையிலான எல்லை வழக்கு குறித்து ஓர் ஆய்வு

துணிபு

வீட்டுத்தோட்டக்காரர் பருவமழையைப் பார்த்தே பயிர்த்திட்டம் வகுக்கிறார் என்பர் பலர். அது பொருந்தாது. என்னை? மாடியில் எந்தச் செடிப்பை எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது மேகம் அன்று, வடகம் ஆதலின்.

களம்

சென்னைப் புறநகரில் ஒரு மொட்டைமாடி. கிழக்கே தண்ணீர்த்தொட்டி, மேற்கே துணிக்கொடி. நடுவில் விழும் வெயில் யாருக்கு என்பதே வழக்கு. வாதி, தோட்டம் போடும் தாத்தா. பிரதிவாதி, வடகம் பிழியும் பாட்டி.

பட்டங்கள்

ஜூலை நடுவில் தொடங்கும் ஆடிப்பட்டத்தில் தகராறு இல்லை. ஆடிக்காற்றில் வடகம் பிழிந்தால் தூசிதான் காயும் என்பதால் பாட்டி மாடியை விட்டுக்கொடுக்கிறார். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கி, ஐப்பசி அடைமழைக்கு முன் கணக்கை முடித்துக்கொள்கிறது. நாட்டுப் பந்தலவரை பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் மார்கழி, தையில்தான் காய். அதற்குள் துணிக்கொடியில் பாதியை ஆக்கிரமித்துவிடும். ஈரப் புடவைகள் சார்பில் இதற்குத் தனி மனு நிலுவையில் உள்ளது.

சிக்கல் கத்தரியால் வருவது. நாற்று நட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய்க்கும், அத்துடன் விடாது. கவாத்து செய்தால் மறுபடி துளிர்த்துப் பங்குனியிலும் நிற்கும். பங்குனிக் கடைசியில் பாட்டி ஜவ்வரிசி ஊறவைக்கிறார்.

மறுப்பும் விடையும்

“பையை நகர்த்தினால் ஆயிற்று” என்பர் ஒருசாரார். அவர் தண்ணீர் ஊற்றிய பையைத் தூக்கியறியார். பைமண்ணில் கலந்த தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். தாத்தாவின் இடுப்போ தன் எடைக்கே திணறுவது.

“வடகம் கிண்டிய பாத்திரம் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றிச் சமரசம் காண்க” என்பர் மற்றொரு சாரார். அதில் உப்பு உண்டு, வேருக்கு ஆகாது.

“கத்தரிக்காய் கடையில கிடைக்கும். என் வடகம் கிடைக்குமா?” என்பது பாட்டி வாதம். வேளாண் நூல்களில் இதற்கு விடை இல்லை.

பரிந்துரை

சித்திரை, வைகாசியில் நடுமாடி வடகத்துக்கே ஆகுக. வெயில் தாங்கும் கொத்தவரை கைப்பிடிச்சுவர் ஓரம் ஒதுங்குக. காக்கையை விரட்ட விரிக்கும் கறுப்புக் குடையின் நிழலில் இரண்டு கத்தரி நாற்றுகள் தங்கலாம். காலியான பைகளின் மண்ணைக் கொட்டிக் காயவைத்தால் பூச்சி முட்டைகள் குறையும். ஆனால் வடகத்துக்குப் பக்கத்தில் மண் உலர்த்தும் திட்டத்தைப் பாட்டியிடம் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

நடுநிலை குறித்த அறிவிப்பு

களப்பணியின்போது பிரதிவாதி தரப்பில் ஒரு தட்டுப் பொரித்த வடகம் வழங்கப்பட்டது. வாதி கத்தரிக்காய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது இன்னும் பிஞ்சு. முடிவுகளில் காணும் சாய்வுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.