குழாய் வழியே வந்த திட்டு

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை வெள்ளைக்காரன் முதலில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தித்தான் செய்துபார்த்தான். இரண்டு இருக்கையும் திறந்தவெளி. காற்று முகத்தில் அறையும், என்ஜின் அலறும். "மூக்கைத் தூக்குடா" என்று வாத்தியார் கத்துவது மாணவன் காதுக்கு எட்டுமுன் மூக்கு மண்ணைக் கவ்வியிருக்கும்.

1917-ல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் பயிற்சிப் பள்ளியில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி ஒரு குழாயைக் கொண்டுவந்தார். ஒரு முனை வாத்தியார் வாயில், மறுமுனை மாணவன் தொப்பிக்குள், காதோரம். அன்றைய ஏற்பாட்டில் பேச்சு ஒருவழிதான்: வாத்தியார் திட்டலாம், மாணவன் வாயைத் திறக்க முடியாது. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்கள் இதைக் குழாயே இல்லாமல் பல காலமாகச் செய்துவந்தன என்பது அவருக்குத் தெரியாது, பாவம். ஆனாலும் கெட்டிக்காரர். "சுழன்று விழும் விமானத்துக்குப் பயந்து ஒதுங்காதே, வேண்டுமென்றே விழவிட்டு மீளப் பழகு" என்பது அவர் பாடம்.

1931-ல் வந்த டைகர் மாத் விமானத்தில்தான் பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே பழகியது. மர இறக்கை, மேலே துணி. பிரேக் கிடையாது. ஸ்டார்ட் செய்ய ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். பிடித்ததும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்க மறந்தவர்கள் இரண்டாவது முறை சுற்றியதில்லை.

இந்திய விமானப்படை 1932-ல் பிறந்தது. இங்கிலாந்தின் கிரான்வெல்லில் பழகிய முதல் கூட்டத்தில் டாண்டன் என்பவரை உயரம் போதாதென்று விமானம் ஓட்டவிடாமல் சாமான் கணக்குப் பார்க்க அனுப்பிவிட்டார்கள். பல ஆயிரம் அடி உயரத்துக்குப் போகிறவனுக்கு நாலு அங்குலம் குறைந்தால் என்னவாம்? மிச்சமிருந்த ஐந்து விமானிகளும் நாலே நாலு வாபிட்டி விமானங்களும் சேர்ந்து 1933 ஏப்ரல் முதல் தேதி, ஆமாம் அதே தேதிதான், கராச்சியில் முதல் படைப்பிரிவு ஆனார்கள்.

மேலே போகிறவனுக்கு இத்தனை செலவு செய்த சர்க்கார், தூத்துக்குடியில் கீழே போகிறவனின் பயிற்சிக்குச் சல்லிக்காசு செலவழிக்கவில்லை. முத்துக்குளிப்பில் காலில் கல், மூச்சு நெஞ்சில், உயிர் மேலே கயிறு பிடிக்கும் மச்சான் கையில். பள்ளியும் இல்லை, லைசென்சும் இல்லை. அப்பன் குதித்தால் மகனும் குதிப்பான். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு: மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்ட "கடல்கட்டி" என்றொருவர், அதுவும் சர்க்கார் செலவில்! விமானப்படையில் அப்படியொரு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எங்க ஊர்க்காரர் ஒருவர் விண்ணப்பம் போட்டிருப்பார்.

எங்க பக்கம் விமானத்தளம் வந்ததும் போருக்காகத்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கயத்தாறில் கிடக்கிறது. ஆளை மேலே அனுப்புவதில் வெள்ளைக்காரனுக்கும் கயத்தாறுக்கும் பழைய பந்தம். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும் அங்கேதான். உலகப்போர் முடிந்ததும் வெள்ளைக்காரன் தன் பாட்டுக்குக் கிளம்பினான். ஓடுதளத்தைச் சுருட்டிக் கொண்டுபோக முடியவில்லை, விட்டுவிட்டான்.

அப்புறம் தூத்துக்குடிக்கு ஒரு விமானம் வர 1992 ஆயிற்று. வாகைக்குளத்தில் 1,350 மீட்டர் ஓடுதளம். சின்ன விமானம் மட்டும் மூச்சுப் பிடித்து இறங்கும். இப்போது அது 3,115 மீட்டர், 2025 ஜூலையில் புது முனையமும் வந்தாயிற்று. கோவில்பட்டிப் பக்கம் சும்மா கிடக்கும் ஓடுதளத்தில் விமானிப் பயிற்சிப் பள்ளி தொடங்கவும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் திட்டம் போட்டிருக்கிறது. அங்கே உயரத்தைப் பார்த்து யாரையும் கழிக்கமாட்டார்கள் என்று நம்புவோம். எடையைப் பார்ப்பார்களாக இருந்தால்தான் சிக்கல்: கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது.